ஸ்காட்லாந்து தனி நாடானால் அதன் பொருளாதாரம் தாக்குப்பிடிக்குமா?

பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆரம்ப வருடங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். பெரிய சிக்கல் நாணயம். எடின்பரோ கடைகளில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து போன்ற உள்ளூர் வங்கிகள் வெளியிட்ட பவுண்டு நோட்டுகள் புழங்குகின்றன. பார்க்கத் தனிப் பணம் போல இருக்கும். ஆனால் வட்டி விகிதத்தை முடிவு செய்வது லண்டனில் உள்ள பேங்க் ஆஃப் இங்கிலாந்து. பிரிந்த பிறகும் பவுண்டைப் பகிர்ந்துகொள்வோம் என்றார் தனி நாடு கேட்ட அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட். 2014 பிப்ரவரியிலேயே முடியாது என்று கைவிரித்துவிட்டார் பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். தனி நாடாவது பற்றி அந்த செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் பிரிவினை வேண்டாம் என்றதில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

அப்புறம் எண்ணெய். 2014 நடுவில் பீப்பாய் 110 டாலரைத் தாண்டிய விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. ஸ்காட்லாந்தை ஒட்டிய வட கடல் எண்ணெய் வருமானத்தை நம்பி பட்ஜெட் போட்டிருந்தால் திண்டாடியிருப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிரெக்சிட் இந்தக் கணக்கை மாற்றியது. 2016-இல் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தார்கள். தனி நாடாகி ஒன்றியத்தில் சேர்ந்தால் அந்தச் சந்தை திரும்பக் கிடைக்கும். சரி, ஆனால் இங்கிலாந்து எல்லையில் சுங்கச் சோதனை வந்துவிடுமே! ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் பாதிக்கு மேல் போவது பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான். இதற்கு நம்பும்படியான விடையைப் பிரிவினை ஆதரவாளர்கள் இன்னும் தரவில்லை என்பது என் கருத்து.