பழைய கிராஸ்போவுக்குப் புது லிம்ப்

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் இருக்கும் ரீகர்வ் கிராஸ்போ (முனை வெளிப்பக்கம் வளைந்த, விசை அழுத்தி எய்யும் குறுக்கு வில்) ரொம்பப் பழையது, இழுவிசை 150 பவுண்டு. இலக்குப் பலகையில் எய்து பழக மட்டுமே எடுக்கிறேன். இடது லிம்பின், அதாவது வில்லின் வளையும் கையின், ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று புதிதாகத் தெரிகிறது. அந்த ஒரு லிம்பை மட்டும் மாற்றினால் போதுமா? மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 200 பவுண்டாகவே போட்டுவிடலாமே என்றும் ஆசையாக இருக்கிறது.

பதில்: லிம்ப் மாறும்வரை அந்த வில்லை ஒரு தடவைகூட இழுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

வெள்ளைக் கோடு பெயிண்டில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம், ஃபைபர்கிளாஸ் அடுக்கு பிரிவதாகவும் இருக்கலாம். ஒரு பஞ்சுத் துணுக்கை லிம்பின் ஓரமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை உடைந்திருந்தால் பஞ்சு அந்த இடத்தில் சிக்கி நூல் நூலாக நிற்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பிரிந்த அடுக்கு கொஞ்சம் மேலெழும்பித் தெரியும். பஞ்சு சிக்காவிட்டாலும், நீங்கள் சொல்வதுபோல் கோடு புதிது என்றால் நான் அந்த லிம்பை நம்ப மாட்டேன். நாணைக் கழற்றும்போதும் லிம்ப், நாண் மாட்டிச் சும்மா இருக்கும் நிலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளையும். அதனால் அந்த வேலையை வில் பழுது பார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

ஒற்றை லிம்ப் வேண்டாம். இரண்டும் ஒரே விறைப்பில் ஜோடி பார்த்துத்தான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த லிம்புக்கு எதிரே புதியதைப் போட்டால் நாண் ஒரு பக்கம் முந்தும், அம்பு பக்கவாட்டில் ஓடும். எத்தனை தடவை ஸ்கோப்பைத் திருப்பினாலும் சரியாகாது.

இனி 200 பவுண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வில் 350 கிரெயின் எடையுள்ள அம்பை வினாடிக்கு 260 அடி வேகத்தில் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாண் பின்னால் போகும் தூரம் மாறாமல் இழுவிசை மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடினால், லிம்பில் தேங்கும் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஆனால் வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். அதே அம்புக்கு 300 அடியைத் தொட்டாலே பெரிது. அதே அம்பையும் விட முடியாது. இழுவிசை கூடிய லிம்பில் லேசான அம்பு என்றால் ஓரளவு வெறும் நாணை விடுவது மாதிரிதான், அம்பு எடுத்துக்கொள்ளாத ஆற்றல் லிம்புக்கே திரும்பும். 425 கிரெயின் அம்புக்கு மாறினால் கணக்குப்படி வேகம் 272 அடி. இலக்குப் பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு அந்த 12 அடியால் என்ன லாபம்? அம்பைப் பிடுங்கத்தான் கூடுதலாகப் பாடுபட வேண்டும்.

கொடுக்கும் விலையோ பெரிது. நாணைப் பிடித்து நிறுத்தும் லேட்ச், டிரிகர், லிம்புகளைத் தாங்கும் ரைசர், லிம்ப் போல்ட் எல்லாம் 150 பவுண்டுக்கு அளந்து செய்தவை. லேட்சின் விளிம்பு ஏற்கெனவே மழுங்கியிருந்தால் 200 பவுண்டை எப்போது நழுவவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது உங்கள் கட்டைவிரல் நாணின் பாதையில் இருக்கலாம். உங்கள் மாடலுக்கு 200 பவுண்டு லிம்ப் பொருந்தும் என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொன்னால் மட்டும் யோசியுங்கள். என் தீர்ப்பு, அதே 150 பவுண்டு, புது ஜோடி.

மாடல் விஷயத்தில் உஷாராக இருங்கள். போல்ட் துளை ஒத்துப்போகிறது என்பதற்காக வேறு மாடல் லிம்பை வாங்கிவிடாதீர்கள். ரைசரில் உட்காரும் கோணமோ நீளமோ மாறினால், அதே லேட்ச் வரை இழுக்கும்போது லிம்ப் தாங்கும் அளவைத் தாண்டி வளைந்துவிடும். பழைய லிம்பைக் கழற்றுமுன் நீளம், அடிப்பக்க அகலம், தடிமன், நாணுக்கும் ரைசருக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

மேம்படுத்தும் ஆசையை நாணில் தீர்த்துக்கொள்ளலாம். உங்கள் வில்லில் பழைய டேக்ரான் நாண் இருந்தால், அதிகம் நீளாத டைனீமா வகை நாண் கொஞ்சம் வேகம் தரும். அந்த நாணுக்கேற்ப முனை வலுப்படுத்திய லிம்ப்தானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய முனைகளை அது அறுத்துவிடக்கூடும்.

பொருத்தும்போது இரு பக்கப் போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கையேடு சொல்லும் முறுக்கு அளவில் (டார்க்) நிறுத்துங்கள். லிம்ப் முனையிலிருந்து, அம்பு ஓடும் ரெயிலின் பின்முனை வரை டேப் பிடித்தால் இரு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். நாண் ரெயிலைத் தொடும் இடத்தின் இரு ஓரத்திலும் நாணின் மேல் பேனாவால் கோடு போடுங்கள். இழுத்து மாட்டியபின் அந்தக் கோடுகள் ரெயிலின் இரு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். முதல் சில அம்புகளுக்குப் பிறகு போல்ட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: தவறுதலாக அம்பில்லாமல் விசையை அழுத்திவிட்டேன். வெளியே ஒரு சேதமும் தெரியவில்லை. தொடர்ந்து எய்யலாமா?

பதில்: பார்க்காமல் எய்யாதீர்கள். லிம்ப் முழுக்கப் பஞ்சு ஓட்டிப் பாருங்கள். முனையில் நாண் மாட்டும் வெட்டு, நாணின் நடுவில் சுற்றிய காப்பு நூல், ரெயில், லேட்ச் எல்லாவற்றிலும் கண் வையுங்கள். லிம்பை வளைக்கும்போது டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள். அம்பின் பின்முனையையும் பாருங்கள். தட்டையா, பிறை வடிவமா, எது உங்கள் வில்லுக்கு என்று கையேட்டில் இருக்கும். வகை மாறினால் அம்பு இருக்கும்போதே நாண் அதன்மேல் ஏறித் தாண்டி, இதே சேதத்தை உண்டாக்கும்.