கிட் கிட்டார்: பெயின்டுக்கு முன்னும் பின்னும் (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் வடிவத்தில், பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். பாஸ்வுட் மரத்தில் செய்த பாடி. மரத்தின் ரேகை தெரியும்படி நீலச் சாயம் ஏற்ற ஆசை. எங்கே தொடங்குவது? (கோவை வாசகர்)

பதில்: சாய டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீர்கள். பூச்சில்லாத நிலையிலேயே கிட்டாரை ஒருமுறை பூட்டிப் பாருங்கள். நெக்கைத் திருகி, பிரிட்ஜை (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வைத்து, இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் மாட்டினால் போதும். நெக்கின் இரு விளிம்பிலிருந்தும் கம்பிகள் ஒரே தூரத்தில் ஓட வேண்டும். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் சிறு பட்டை) 12ஆம் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை 324 மி.மீ. இருந்தால், அங்கிருந்து சன்னக் கம்பியின் சேடிலுக்கும் (பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும் துண்டு) ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். தடித்த கம்பிக்கு 2, 3 மி.மீ. கூடுதலாக இருக்கும். திருகுத் துளை விலகியிருந்தால் மரக்குச்சியைப் பசை வைத்து அடைத்து, மறுபடி துளையிடலாம். பெயின்ட் அடித்தபின் இதைச் செய்தால் வடு தெரியும்.

அடுத்து, பாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் தொழிற்சாலையிலேயே மரத்துளைகளை அடைக்கும் சீலர் பூசி அனுப்பியிருக்கிறார்கள். அதன்மேல் சாயம் ஏறாது. 180, 240, 320 எண் உப்புத்தாள் வரிசையில் சீலர் போகும்வரை தேய்க்க வேண்டும். 320ஐத் தாண்டினால் மரம் வழவழத்துச் சாயத்தைக் குறைவாகவே குடிக்கும். பலகைகள் சேருமிடத்தில் பசை கசிந்திருந்தால் அங்கே வெளிறிய திட்டு விழும். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் அந்த இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறோம். படங்களில் மினுங்கும் நீலக் கிட்டார்களின் முகப்பில் பெரும்பாலும் இருப்பது மேப்பிள். பாஸ்வுட்டில் எடுப்பான ரேகை கிடையாது. சாயமும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ரேகையை மறைக்கும் முழு நிறம் அடிப்பதே அதற்கு அழகு.

கேள்வி: கார் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தாராளமாக. ஸ்ட்ராட்டோகாஸ்டரை உருவாக்கிய ஃபெண்டர் நிறுவனமே அப்படித்தான் செய்தது. புகழ்பெற்ற ‘ஃபியஸ்டா ரெட்’ 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். ஆனால் பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஒரே வகையாக இருக்கட்டும். எனாமல்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடித்தால் அதன் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருக்கிவிடும். கதவுக்கு அடிக்கும் எனாமலும் வேண்டாம். நெடுநாள் மிருதுவாகவே இருந்து, ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் தடம் பதியும்.

நெக் உட்காரும் பள்ளத்தை மாஸ்கிங் டேப்பால் மூடாமல் அடிக்காதீர்கள். உள்ளே பெயின்ட் ஏறினால் பள்ளம் இறுகும். நெக்கை அழுத்தி நுழைக்கும்போது ஓரத்துப் பூச்சு வெடிக்கும். நிறம் 3, 4 கோட், கிளியர் 6 முதல் 8 கோட், எல்லாம் மெல்லியதாக. மழைநாளில் லேக்கர் அடித்தால் காற்றின் ஈரம் பூச்சில் படிந்து வெள்ளையாகப் பூக்கும். வெயில் வரும்வரை பொறுங்கள். என்.சி. என்றால் 3, 4 வாரம் காயவிட்டு, வாசனை அடங்கியபின் 1000, 1500, 2000 எண் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போடலாம். விளிம்புகளில் தாளை அழுத்தாதீர்கள். நிறம் முதலில் கழல்வது அங்கேதான். திறந்தவெளியில், ஆவியைத் தடுக்கும் மாஸ்க் அணிந்து அடியுங்கள். தூசி மாஸ்க் போதாது.

கேள்வி: பூட்டி முடித்தாயிற்று. ஆம்ப்பில் ‘உர்ர்’ சத்தம். (திருச்சி வாசகர்)

பதில்: கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் எர்த் சரி, வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறையான ஷீல்டிங்தான் இல்லை. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) அமரும் பள்ளங்களில் செப்பு டேப் ஒட்டி, துண்டுகள் ஒன்றோடொன்று மேவும்படி பார்த்து, ஒரு ஒயரால் வால்யூம் பாட்டின் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகியின்) முதுகோடு இணையுங்கள். தொட்டால் சத்தம் கூடினால் ஜாக்கில் இரு ஒயர்களும் இடம் மாறியிருக்கும். தொட்டும் மாற்றமே இல்லையா? பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டும் இரும்புத் தகட்டில் வைத்த சால்டரைப் பாருங்கள். அந்தத் தகடு சூட்டை உறிஞ்சுவதால் 25 வாட் அயர்னில் ஈயம் பிடிக்காது, 60 வாட் வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் மெல்லிய ஹம் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பின் பிறவிக் குணம்.

கேள்வி: டியூனரில் ஓப்பன் கம்பிகள் சரி, முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் சுதி ஏறுகிறது. (மதுரை வாசகர்)

பதில்: நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. 3ஆம் ஃப்ரெட்டுக்குச் சற்றுமுன் கம்பியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டின்மேல் ஒரு தாள் கனத்துக்கே இடைவெளி இருக்கலாம். கூடுதலாக இருந்தால், கம்பியின் கனத்துக்கேற்ற அரத்தால், கம்பியை முறுக்கும் ஆணிகள் பக்கம் சரிவாக, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே ராவுங்கள். அளவு மீறினால் ஓப்பன் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். நட்டை மாற்ற வேண்டியதுதான்.