லாவீனா, ரிவாரா? ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர்

கேள்வி: மொன்றியலில் வசிக்கிறேன். என் மருமகள் கியூபெக்கின் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். பேரனுக்காக அவளுடைய வம்சாவளியைத் தொகுத்து வருகிறேன். 1700களுக்குப் போனதும் தேவாலய ஏட்டில் 'லாவீன்' என்ற குடும்பப் பெயர் மறைந்து, 'ரிவார்' என்று வருகிறது. பாட்டிகளைக் கணவர் பெயரில் தேடினால் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த ரிவாரே உங்கள் லாவீனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் பத்திரங்களில் 'முத்தையா என்கிற ராசு' என்று எழுதுவார்கள் அல்லவா? அந்த 'என்கிற' செய்யும் வேலையைப் பிரெஞ்சுக் கனடாவில் 'டி' என்று ஒலிக்கும் ஒரு சிறு சொல் செய்தது. 'நிக்கோலா ரிவார் டி லாவீன்' என்றால், லாவீன் என்கிற நிக்கோலா ரிவார். படையில் வைத்த பெயர், சொந்த ஊர், நிலத்தின் பெயர், ஆளின் தோற்றம் என எதிலிருந்தும் இந்தப் பட்டப்பெயர் வரலாம். 1665இல் பிரான்சிலிருந்து வந்திறங்கிய காரின்யான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர்கள் பலர் அப்படியொரு பெயரோடுதான் கியூபெக்கில் குடியேறினார்கள்.

பிள்ளைகள் காலத்தில்தான் குழப்பம். கியூபெக்கின் பாத்திஸ்கான் என்ற ஊரில் குடியேறிய ரிவார் சகோதரர்களின் வழியில் லாவீன், லகூர்சியேர், லனூயெட், லோரான்ஜே என்று பல பெயர்கள் கிளைத்தன. கூடப் பிறந்தவர்களே வேறு வேறு பெயர்களில் பதிவாகியிருப்பார்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மொன்றியலில் 'தெசியே டி லாவீன்' என்று இன்னொரு குடும்பம் இருந்தது; அது வேறு வம்சம். பெயர் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் இருவரை முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

பாட்டிகளைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள். தேவாலய ஏட்டில் பெண்ணுக்குக் கடைசிவரை தந்தையின் குடும்பப் பெயர்தான். அடக்கப் பதிவில்கூட 'இன்னாரின் மனைவி' என்ற குறிப்போடு அவளுடைய சொந்தப் பெயரே நிற்கும். ஊரார் பேச்சில் கணவர் பெயர் புழங்கியது உண்மை. ஆனால் 1981 முதல் சட்டப்படியும் கியூபெக்கில் பெண்ணுக்குப் பிறந்த பெயர்தான்.

எந்தப் பதிவைவிடவும் திருமணப் பதிவையே நான் நம்புவேன். ஒன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: மணமகன் பெயர், 'இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகன்', எந்தப் பங்கு (தேவாலய வட்டாரம்), மணமகளுக்கும் அப்படியே, பிறகு சாட்சிகள், பல பதிவுகளின் முடிவில் 'கையெழுத்திடத் தெரியாது என்றார்கள்' என்ற வரி. நான்கு பெற்றோரும், தாய்மாரின் பிறந்த வீட்டுப் பெயரோடு, ஒரே பத்தியில் கிடைத்துவிடுவார்கள். மறுமணமாக இருந்தால் பெற்றோர் பெயருக்குப் பதிலாக 'இன்னாரின் விதவை' என்று மட்டும் இருக்கலாம். அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் பிடியுங்கள்.

ஞானஸ்நானப் பதிவில் பெண் குழந்தைகள் பலருக்கு முதலில் மரி, ஆண்களுக்கு ஜோசப் என்று இருக்கும். வீட்டில் அழைத்த பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும்.

கியூபெக் நகரின் ஏடுகள் 1621இலேயே தொடங்குகின்றன. பங்குக்கு ஒரு பிரதி, நீதிமன்றத்துக்கு ஒரு பிரதி என்று இரண்டு எழுதும் வழக்கம் இருந்ததால், ஒன்று தீயில் போனாலும் மற்றது தப்பியிருக்கலாம். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்றுத் தரவுத்தளம் பட்டப்பெயர்களை மூலப்பெயரோடு இணைத்தே வைத்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய லாவீனின் திருமணத்தை அங்கே மனைவியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மாமனார், மாமியார் பெயர்களும் ஒத்துப்போனால் அது உங்கள் ஆள்தான்.