டிவி ஸ்டுடியோவில் படமும் ஒலியும் கொண்டுபோகும் எஸ்டிஐ கேபிளோடு 18 வருடம் ஓட்டியாச்சு. இனி எல்லாம் ஐபி (கம்ப்யூட்டர் நெட்வொர்க்), மென்பொருள் என்கிறார்கள். எனக்கு வேலை இருக்குமா?

உங்களுக்கும் நாற்பது தாண்டியிருக்கும், கேபிள் நுனியில் பிஎன்சி கனெக்டரை கிரிம்ப் அடித்தே கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அந்த ரகம்தான். சென்னையில் ஒரு செய்திச் சேனலின் எம்சிஆர், அதாவது ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அறை. பெயர் வேண்டாம்.

வேலை இருக்கும். ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் புது ஸ்டுடியோ எஸ்எம்பிடிஇ 2110 என்ற ஐபி ஒளிபரப்புத் தரத்தில் கட்டியது. படம் தனியாக, ஒலி தனியாக நெட்வொர்க்கில் போகும், எந்தக் கம்பெனிப் பெட்டியும் எதோடும் பேசும் என்றார்கள் டெமோவில். முதல் வாரமே செய்தி வாசிப்பவர் குரலில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஐடி தம்பி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "பிங் வருது சார், நெட்வொர்க் க்ளீன்" என்றான். மைக்கை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். மணி ராத்திரி ஒன்று. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாட்சைப் பார்த்து எண்ணினேன். ஏழு விநாடி. மறுபடி ஏழு. மறுபடி ஏழு. லூஸ் கனெக்‌ஷன் இப்படிக் கணக்கு வைத்து வராது. முன்பு வேர்டு கிளாக் (டிஜிட்டல் ஒலிக்குத் தாளம் கொடுக்கும் சிக்னல்) கழன்ற மிக்ஸரில் கேட்ட அதே சத்தம்!

போய்ப் பார்த்தால், கேமராக்கள் பிடிபி கடிகாரத்தை, அதாவது எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டும் நெட்வொர்க் கடிகாரத்தை, டொமைன் (கடிகாரக் குழு எண்) 127-ல் பிடித்திருந்தன. 2110 ஆட்கள் வழக்கமாக வைப்பது அந்த எண்தான். ஆடியோ மிக்ஸர் வேறு கம்பெனி, டொமைன் 0-வில் தன் கடிகாரத்தைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு எண்ணை மாற்றினேன், டிக் போச்சு.

"இதுகூட கமிஷனிங்கில் (புதுக் கருவிகளை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கும்போது) பார்க்க மாட்டீர்களா" என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். கமிஷனிங் அன்று எங்களை உள்ளேயே விடவில்லை ஐயா.

மல்டிகாஸ்ட் (ஒரே சிக்னலைக் கேட்கும் பல பெட்டிகளுக்கு அனுப்புவது), ஐஜிஎம்பி (எந்தப் பெட்டிக்கு எது வேண்டும் என்று நெட்வொர்க்கிடம் சொல்வது), கொஞ்சம் லினக்ஸ் படியுங்கள். அப்புறம் எம்எக்ஸ்எல் என்று ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கமான ஈபியூ முன்னெடுப்பது ஒன்று வருகிறது. ஒரே சர்வரில் ஓடும் இரண்டு மென்பொருள்கள், அவை வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும், படத்தை மெமரியிலேயே பகிர்ந்துகொள்ளும். அங்கேயும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேரக்கணக்கு உண்டு.

மென்பொருளாகிவிட்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அதை நம்பி ராத்திரி எங்களைக் கூட்டிப்போகும் ஆபீஸ் காரை நிறுத்திவிட்டார்கள். இன்றும் நான்தான் போய் நிற்கிறேன். ராத்திரி ஒன்றரைக்கு கிண்டியில் ஆட்டோக்காரர் 400 கேட்கிறார், மீட்டர் என்றால் சிரிக்கிறார். பில்லைக் கொடுத்தால் ஹெச்ஆரும் சிரிக்கிறார்.