அந்தச் சிறுமி யாருடைய மகள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிக்காசோ 1905இல் வரைந்த ‘கழைக்கூத்தாடிக் குடும்பம்’ ஓவியத்தைக் கைபேசியில் பார்த்தேன். வெட்டவெளியில் ஆறு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கட்டம்போட்ட உடைக்காரர் பிக்காசோவேதான், தனியே உட்கார்ந்திருப்பவள் அவருடைய காதலி பெர்னாந்த் என்கிறார்கள். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதைக்கும் இதற்கும் தொடர்பாமே? இந்தப் படம் ஏன் இவ்வளவு துயரம் தருகிறது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ரில்கே 1915இல் மூனிக்கில் இந்தப் படம் மாட்டியிருந்த வீட்டில் தங்கியிருந்தார். ‘துயினோ இரங்கற்பாக்கள்’ என்ற தன் கவிதை வரிசையில் ஐந்தாவதை அந்த வீட்டுக்காரப் பெண்மணிக்கே சமர்ப்பித்தார். அது அவ்வளவுதான்.

யார் யார் என்ற ஆராய்ச்சிதான் எனக்கு எரிச்சல். பிக்காசோ தன் சாயலை ஒருவனுக்குக் கொடுத்திருக்கட்டும், அதனாலென்ன? பாரிஸின் மொன்மார்த் பகுதியில் இருந்த மெத்ரானோ சர்க்கஸுக்கு அடிக்கடி போய் அந்த ஜனங்களோடு பழகியவர் அவர். நீங்களோ பெயர் சூட்டிய மறுகணமே கூத்தாடிகளைப் படத்தைவிட்டுத் துரத்திவிட்டீர்கள். இப்போது அங்கே மிச்சமிருப்பது ஓர் ஓவியரும் அவர் காதலியும். கூலிக்குக் குட்டிக்கரணம் போட்டவர்களின் துயரத்தைக் ‘கலைஞனின் தனிமை’ என்று எழுதி வைப்பது எவ்வளவு சௌகரியம்!

அந்தச் சிறுமியைப் பாருங்கள் அம்மா. நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஒரு கை கட்டம்போட்ட உடைக்காரனின் பிடியில், மறு கை தரையிலிருக்கும் பூக்கூடையின் மேல். அவள் யாருடைய மகள்? கொஞ்ச நாளாகவே இது என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. அன்றைய பிரான்சில் இது வம்புக் கேள்வி அல்ல, சட்டக் கேள்வி. 1874 டிசம்பர் 7ஆம் தேதிச் சட்டப்படி, 16 வயது நிரம்பாத பிறர் பிள்ளையைக் கழைக்கூத்தாடி ஆட்டத்தில் இறக்கக்கூடாது. சொந்தப் பிள்ளை என்றால் 12 வயது போதும். பெற்றவனுக்கு நான்கு வருடச் சலுகை! பிள்ளையைக் காசுக்கோ சும்மாவோ இப்படிப்பட்ட குழுவிடம் ஒப்படைக்கும் பெற்றோருக்கும் தண்டனை உண்டு. அப்படி ஒப்படைத்தவர்கள் இருந்ததால்தானே சட்டத்தில் எழுதவேண்டி வந்தது?

இதைத் தெரிந்துகொண்டு தலைப்பிலிருக்கும் ‘குடும்பம்’ என்பதைத் திரும்பப் பாருங்கள். பருத்த விதூஷகன், பையன்கள் இருவர், மண்ஜாடிக்குப் பக்கத்தில் விலகி அமர்ந்திருக்கும் பெண். இவர்களில் யார் யாருக்குப் பிறந்தவர்? சிறுமியின் கையைப் பிடித்திருப்பவன் அப்பனா, முதலாளியா? பிக்காசோ சொல்லவில்லை. போலீஸ்காரன் கேட்டால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை மட்டும் என்னால் ஊகிக்க முடிகிறது.

படம் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், அகலம் அதைவிடச் சற்று அதிகம். உள்ளங்கையளவில் பார்த்துவிட்டுத் துயரப்பட்டதாகச் சொல்லாதீர்கள். பெரிதாக்கிப் பார்த்து, அவளுக்கு என்ன வயதிருக்கும் என்று எனக்கு எழுதுங்கள். எனக்கு எட்டுக்கு மேல் தோன்றவில்லை.