பொங்கோலில் ஆப் சைக்கிள் பாஸ் எடுக்கலாமா?

"அடுத்த மாதம் காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் வருகிறேன். பொங்கோலில் அறை, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் ஒன்றரை கிலோமீட்டர். பஸ்ஸுக்குப் பதில் ஆப்பில் எடுக்கும் வாடகை சைக்கிள் கட்டுபடியாகுமா?" என்று கேட்ட தம்பிக்கு:

மாத பாஸ் எடுத்து தினமும் போக வர ஓட்டினால் கட்டுபடியாகும். அவ்வப்போது அரை மணிக் கட்டணம் கட்டி ஓட்டினால் பஸ்தான் மலிவு. இங்கே பஸ்ஸிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் ரயில் ஏறினால் இரண்டும் ஒரே பயணம். மொத்தத் தூரத்துக்குத்தான் காசு. அதனால் அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு பஸ்ஸில் கூடுவது மிகக் கொஞ்சம். சைக்கிள் காசு அந்தக் கணக்கில் சேராது. சைக்கிளில் மிச்சமாவது நேரம்தான். நடந்தால் 20 நிமிடம், நிதானமாக மிதித்தால் 7, 8 நிமிடம், பஸ்ஸுக்குக் காத்து நிற்கவும் வேண்டாம்.

அந்த நேரமும் வண்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் மிஞ்சும். காலையில் எல்லாரும் நிலையத்தை நோக்கியே ஓட்டுவதால் எட்டு மணிவாக்கில் அடுக்குமாடி புளோக்குகளின் கீழே வண்டி தீர்ந்துவிடும், நிலையத்தில் நிறுத்த இடம் இருக்காது. மாலையில் இது தலைகீழ். பலருக்கு சைக்கிள் வெறுத்துப்போவது இங்கேதான். ஆகவே பாஸ் வாங்குமுன் இரண்டு மூன்று நாள், நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில் எனிவீல், ஹலோரைட் இரண்டு ஆப்பையும் திறந்து பாருங்கள். மூன்று நிமிட நடைக்குள் வண்டி இருக்கிறதா, நிலையத்தருகே இரண்டாவதாக ஒரு நிறுத்துமிடம் இருக்கிறதா என்று பார்த்து, எது தேறுகிறதோ அதில் பாஸ் எடுங்கள்.

நிறுத்துவதில் கவனம் தேவை. நம் ஊர் வாடகைக் கடையில் நோட்டில் பேர் எழுதிவிட்டு எடுத்த சைக்கிளை அதே கடையில் கொண்டுபோய் விடுவோம். இங்கே கடை கிடையாது. அதற்காகக் கண்ட இடத்தில் விடவும் கூடாது. 2017-ல் அப்படி விட்டு நடைபாதையெல்லாம் அடைத்துக்கொண்டதால்தான் இந்த நிறுவனங்களுக்கு உரிமச் சட்டமே வந்தது. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கட்டத்திலோ சைக்கிள் ஸ்டாண்டிலோ நிறுத்தி, அங்கே இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து முடிக்க வேண்டும். தவறினால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். ஓர் ஆண்டில் மூன்று முறை தவறினால் எந்த நிறுவனத்தின் சைக்கிளையும் ஒரு மாதம் எடுக்க முடியாது. குறி கிழிந்திருந்தால் அந்த இடத்தைவிட்டு நகருமுன் படம் எடுத்து ஆப்பிலேயே புகார் போடுங்கள். போனில் சார்ஜ், டேட்டா, புளூடூத், லொகேஷன் நான்கும் வேண்டும். போன் அணைந்துவிட்டால் பயணத்தை முடிக்க முடியாது, மீட்டர் ஓடும்.

பூட்டைத் திறக்குமுன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். செயின் தொங்குகிறதா, பெடல் ஆடுகிறதா, சீட்டை உயர்த்தி இறுக்கினால் நிற்கிறதா? சீட் தானாக இறங்கும் வண்டியை விட்டுவிடுங்கள், ஒரே வாரத்தில் முட்டி வலிக்கும்.

நம் ஊர் போலவே இடப்பக்கம்தான். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. சைக்கிள் பாதையை ஒட்டியே நடைபாதை இருந்தால் அது நடப்பவர்களுக்கு மட்டும். 2025 ஜூலையிலிருந்து இதுதான் சட்டம். சாலையில் இறங்கினால் ஹெல்மெட் கட்டாயம், வண்டியோடு அது வராது. அதனால் பாதைகளிலேயே போய்வாருங்கள்.

மழைக்கும் வியர்வைக்கும் வழி செய்துகொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரியில் விடாத மழை. வருடத்தின் நடுவிலும் 'சுமத்ரா' என்கிற காற்றுமழை விடிகாலையில் அடித்துவிட்டுப் போகும். அன்றைக்கு பஸ்தான். மற்ற நாளில் பையில் ஒரு மாற்றுச் சட்டை. முன்கூடையில் 5 கிலோ அரிசி மூட்டையை வைத்தால் ஹாண்டில் ஒருபக்கம் இழுக்கும். லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கும் நாளில் சைக்கிள் வேண்டாம்.

டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கும் சைக்கிளிலேயே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் நகரத்தார் 1859-ல் எழுப்பிய கோயில், அவசியம் போய்வாருங்கள், ஆனால் ரயிலில். ஃபோர்ட் கேனிங் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். வேட்டி கட்டிக்கொண்டு செயினோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆப்பில் மொத்தமாகப் பணம் ஏற்றி வைக்காதீர்கள். 2018-ல் ஒரு நிறுவனம் திடீரென்று கடையை மூடியபோது பலரின் டெபாசிட் மாட்டிக்கொண்டது. முதல் வாரம் ஒவ்வொரு சவாரிக்கும் கட்டி ஓட்டுங்கள். பிறகு 30 நாள் பாஸ் எடுக்கும்போது, தானாகப் புதுப்பிக்கும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள்.