பைபாஸுக்குப் பிறகு அப்பா ஆளே மாறிவிட்டார்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பைபாஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டரை மாதம் ஆகிறது. இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் அதிர்ந்துகூடப் பேசாத மனிதர் இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், சில நேரம் காரணமே இல்லாமல் அழுகிறார். பேப்பர் படிப்பதையும் விட்டுவிட்டார். அம்மா பேசவே பயப்படுகிறார். இது சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் சரியாகும். ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம்.

ஐ.சி.யு.வில் இருக்கும்போது சிலர் நாள், நேரம் தெரியாமல் பிதற்றுவார்கள். அது வேறு, பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். நீங்கள் சொல்வது மனச்சோர்வு போலத் தெரிகிறது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. ஆண்களிடம் அது பல சமயம் கோபமாகத்தான் வெளிப்படும். வீட்டார் 'குணம் கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பேப்பர் விஷயத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். படிக்கப் பிடிக்கவில்லையா, படித்தது மனதில் நிற்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் மனச்சோர்வின் பக்கம். நிற்கவில்லை என்றால் கவனமும் ஞாபகமும் மந்தப்பட்டிருக்கலாம். பலருக்குச் சில மாதங்களில் தேறிவிடும். முன்பு இதற்கு, ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தையே குற்றம் சொன்னோம். இயந்திரம் இல்லாமல் செய்த ஆபரேஷன்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மூளையின் ரத்தக் குழாய்களில் முன்பே இருந்த பாதிப்பு, உடல் முழுக்க ஏற்படும் அழற்சி என்று பலவும் சேர்கின்றன.

'வயசானா அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ரத்தசோகை, சோடியம், தைராய்டு, பி12 பரிசோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் அமியோடரோன் தைராய்டைக் கெடுக்கக்கூடும். நீர் பிரிக்கும் மாத்திரை சோடியத்தைக் குறைக்கும். இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் சிலரைச் சோர்வடையச் செய்யும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். இரவில் தூங்குகிறாரா என்றும் பாருங்கள். ஆபரேஷனுக்காகப் பிளந்த மார்பெலும்பின் வலியோடு வாரக்கணக்கில் மல்லாந்தே படுத்திருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

மனச்சோர்வுதான் என்று உறுதியானால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். கவுன்சிலிங் உதவும். செர்ட்ராலின் போன்ற மருந்துகளை இதய நோயாளிகளுக்கும் கொடுக்கிறோம்; பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும் என்பதால் எல்லா மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். கவனிக்காமல் விட்டால் மாத்திரையும் நடைப்பயிற்சியும் நின்றுபோகும், பாதிப்பு இதயத்துக்கே திரும்பும்.

வீட்டில் ஒன்று செய்யலாம். 'எழுந்திரிக்காதீங்க, தூக்காதீங்க' என்று நாள் முழுக்கக் காவல் காப்பதைக் குறையுங்கள். மார்பெலும்பு கூடிவிட்டதாக சர்ஜன் சொல்லிவிட்டால், அப்பா முன்பு பார்த்த வேலைகளில் சிலதை அவரிடமே விடுங்கள். அவர் கோபப்படும் நேரத்தில் அம்மா வாதம் செய்ய வேண்டாம். பிறகு, அவர் அமைதியாக இருக்கும்போது, 'பயமா இருக்கா?' என்று கேட்கட்டும். பலரும் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

திடீர்க் குழப்பம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் என்றால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.